பாடம் சொல்லும் மங்க்

அந்த 14 நிமிடத்தில் முழுசாக ஒரு பாட்டு கிடையாது. ‘லைட் ப்ளூ’ என்கிற மெட்டை எடுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள். டிரம்ஸில் இருக்கும் ஆர்ட் டெய்லருக்கு ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஒரு தாள அடியைச் சொல்லிக்கொடுக்கிறார். கோணலான அடி. கொஞ்சம் அசந்தால் கை பழகிய வழிக்கே திரும்பிவிடும். மங்க் விடுவதாக இல்லை. அதையே பிடித்துக்கொள், மாற்றாதே என்று திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு அழைத்துவருகிறார். இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை, எழுந்து போய்விடவும் இல்லை.

1959 ஜூலை 27, நியூயார்க்கில் நோலா ஸ்டுடியோ. ரோஜர் வாடிம் எடுத்த பிரெஞ்சுப் படம் ஒன்றுக்கான பதிவு அது. படத்துக்கு இசை ஏற்பாடு செய்த மார்செல் ரொமானோ பாரிஸிலிருந்து வந்திருந்தார். மங்க் புதிதாக ஒன்றும் எழுதித் தரவில்லை. தன் பழைய மெட்டுகளையே வாசித்தார். கூடவே ஒரு சர்ச் பாட்டு. படம் வந்தது, பேசப்பட்டது, பழசானது. டேப்புகள் ரொமானோவின் சேகரிப்பிலேயே தங்கிவிட்டன. அந்தப் பதிவில் வாசித்த பிரெஞ்சு சாக்ஸபோன் கலைஞர் பார்னி விலனின் வெளிவராத டேப் ஏதாவது அகப்படுமா என்று அங்கே போய்த் தேடியவர்கள் கையில் மங்க் கிடைத்தார். 2017-இல், அவருடைய நூற்றாண்டில், இரட்டை ஆல்பமாக வெளிவந்தது. ஒத்திகைத் துண்டையும் வெட்டாமல் அதில் சேர்த்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அழகாக முடிந்த பாட்டுகள் அதில் எத்தனையோ இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போவது இந்த முடியாத பாட்டுக்குத்தான்.

அந்த நாளின் மங்க் எந்த நிலையில் இருந்தார் என்று நினைத்தால் அந்தப் பொறுமை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஒன்பது மாதம் முன்பு, 1958 அக்டோபரில், டெலவேர் மாநிலத்தில் சாலையோர விடுதி ஒன்றில் குடிக்கத் தண்ணீர் கேட்டு இறங்கினார். போலீஸ் வந்தது. காருக்குத் திரும்பி, அதை விட்டு இறங்க மறுத்த மனிதரைத் தடியால் அடித்தார்கள். கையில் அடிக்காதீர்கள், அவர் பியானோ வாசிப்பவர் என்று கூட இருந்த தோழி பன்னோனிகா சீமாட்டி கத்தியும், கைகளிலேயே அடித்தார்கள். நியூயார்க் கிளப்புகளில் வாசிப்பதற்கான அனுமதி அட்டை மறுபடியும் பறிபோனது. 1959 வசந்தத்தில் பாஸ்டன் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் ஒரு வாரம். இத்தனைக்கும் பிறகு ஸ்டுடியோவில் நின்று ஒரு தாள அடிக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்.

உலகத்துக்குத் தெரிந்த மங்க் வேறு. விதவிதமான தொப்பி, தாடி, கறுப்புக் கண்ணாடி. சாக்ஸபோன் தனியாக வாசிக்கும்போது பியானோவை விட்டு எழுந்து மேடையில் தட்டாமாலை சுற்றுகிறவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லாதவர். 1964 பிப்ரவரியில் டைம் பத்திரிகை அட்டையில் அவர் முகத்தைப் போட்டபோதும் தனிமையான விசித்திர மனிதர் என்றே காட்டியது. மேதை, ஆனால் கிறுக்கு. ஒரு காலத்தில் அவருக்கு பியானோவே சரியாக வாசிக்கத் தெரியாது என்று எழுதிய விமர்சகர்களும் உண்டு. இந்த ‘விசித்திரம்’ என்ற பட்டம் ஒரு கலைஞனுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. அவன் உட்கார்ந்து உழைத்துக் கட்டியதையெல்லாம் ஏதோ தானாக வந்த கிறுக்கு என்று ஆக்கிவிடுகிறது. தாமதமாகக் கிடைத்த டேப்புகள் ஒவ்வொன்றும் அந்தப் பட்டத்தைக் கழற்றிப் போடுகின்றன. அவற்றில் இருப்பவர் வேலைக்காரர், அதைவிட முக்கியமாக, வாத்தியார்.

என் மாமா இதை அப்போதே ஒரு மாதிரி புரிந்துகொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர்கள் மூலம் அவருக்கு ஜாஸ் ஒட்டிக்கொண்டது. மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செப்புக் கம்பி இழுத்து, அதை ஜன்னல் வழியாக வால்வு ரேடியோவுக்குக் கொண்டுவந்திருந்தார். இரவு சாப்பாடு முடிந்ததும் ஷார்ட்வேவில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரைச்சல், ஏதோ ஒரு மொழியில் செய்தி, மறுபடி இரைச்சல், பிறகு டியூக் எல்லிங்டனின் அந்த ரயில் பாட்டு. அதுதான் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஜாஸ் நிகழ்ச்சியின் முகப்பு. வில்லிஸ் கானோவர் என்பவர் ஆழமான குரலில், சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனும் பின்தொடரட்டும் என்று வேண்டுமென்றே வைத்துக்கொண்ட வேகம் அது.

“யாரு மாமா இது?”

“மங்க்னு ஒருத்தர். பக்கத்துப் பக்கத்துக் கட்டை ரெண்டையும் சேத்து அடிக்கிறாரு, கேட்டியா? கை தவறி இல்லடா. வேணும்னே வெக்கிறாரு.”

இன்னொரு நாள் சொன்னார்: “இந்த நிகழ்ச்சிய அவங்க ஊர்ல கேக்க முடியாதாம்டா. வெளிய இருக்கறவங்களுக்குன்னே போடறாங்க.” அவர் சொன்னது உண்மைதான். அரசாங்கம் நடத்தும் அந்த வானொலி சொந்த நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பக் கூடாது என்பதற்கு 1948-இல் ஒரு சட்டமே போட்டிருந்தார்கள். 1955-இலிருந்து வாரத்தில் பல இரவுகள் வார்சாவிலும் மாஸ்கோவிலும் பொன்மலையிலும் கேட்ட கானோவர், அமெரிக்காவில் தெருவில் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்.

எங்களைப் போன்ற வெளியூர்க் காதுகளுக்காக அந்த வானொலி பதிவு செய்த டேப் ஒன்றுதான் பின்னால் ஜாஸ் உலகத்தையே உலுக்கியது. 2005 தொடக்கத்தில், வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில், லாரி ஆப்பிள்பாம் என்ற ஒலிப்பதிவு வல்லுநர் பழைய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா டேப்புகளை டிஜிட்டலாக மாற்றும் வேலைக்காக எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். 10 அங்குல ஸ்பூல்கள். பெட்டிகளின் மேல் கார்னகி ஹால், ஜாஸ், 1957 நவம்பர் 29 என்ற அளவில்தான் குறிப்பு. யார் வாசித்தார்கள் என்று பெயர் இல்லை. ஒரு பெட்டியைத் திருப்பினால் பின்புறம் கையெழுத்தில் ‘டி. மங்க்’, கீழே சில மெட்டுகளின் பெயர்கள். டேப்பைச் சுழலவிட்டதும் பியானோ யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. கூட வந்த சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நியூயார்க்கில் அப்போது மது விற்கும் இடத்தில் வாசிக்க போலீஸ் கொடுக்கும் அட்டை தேவை. 1951-இல் மங்க்கும் இன்னொரு மேதையான பட் பவலும் இருந்த காரில் போதைப்பொருள் அகப்பட்டது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்து மங்க் சிறைக்குப் போனார், அட்டை போனது. அதிலிருந்து கிட்டத்தட்ட 6 வருடம், தான் வளர்ந்த ஊரின் கிளப்புகளில் அவருக்கு இடமில்லை. 1957-இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் கூப்பர் ஸ்கொயரில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன இடத்தில் ஜூலையில் உட்கார்ந்தார். கோல்ட்ரேன் அந்த வருட வசந்தத்தில்தான் மைல்ஸ் டேவிஸிடம் வேலை போய், ஹெராயினை விட்டொழித்துவிட்டு நின்றிருந்தார். இருவரும் வருடக் கடைசி வரை அங்கே வாசித்தார்கள். கேட்டவர்களெல்லாம் வாழ்நாள் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இருவரும் வெவ்வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் அந்தக் குழுவாக ஸ்டுடியோவில் எடுத்தது மூன்றே மெட்டு; அதுவும் 1961-இல்தான் வெளிவந்தது. கோல்ட்ரேனின் மனைவி நைமா சின்ன டேப் ரெக்கார்டரில் எடுத்த ஒரு பதிவு 1993-இல் வந்தது. அது 1958-இல் கோல்ட்ரேன் ஒரு நாள் திரும்ப வந்து வாசித்தபோது எடுத்தது, ஒலி மங்கல். மற்றபடி அந்த ஆறு மாதம் வாய்வழிக் கதையாகவே இருந்தது.

கோல்ட்ரேன் அந்தக் காலத்தைப் பற்றிப் பிறகு விவரித்திருக்கிறார். காலையில் மங்க் வீட்டுக்குப் போய் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவாராம். மங்க் பியானோவில் உட்கார்ந்து ஏதாவது மெட்டை வாசிப்பார். கோல்ட்ரேன் சாக்ஸபோனில் அதைத் தேடுவார். சிக்கினால் மங்க் அந்த இடத்தையே மறுபடி வாசிப்பார், மறுபடி. எழுதிவைத்த தாள் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அதைப் பார்க்காமல் காதால் பிடிப்பதைத்தான் மங்க் விரும்பினார். கோல்ட்ரேன் தட்டுத்தடுமாறிப் பிடிக்கும்வரை காத்திருந்து, கிட்டத்தட்ட வந்ததும் தனியே சாதகம் செய்யட்டும் என்று எழுந்து போய்விடுவார். எங்கள் அத்தைக்கு வீணை சொல்லிக்கொடுத்த பெரியவர் அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தை எடுத்தால், “மூடி வைம்மா, காதுல ஏறட்டும்” என்பார். ஒரே சங்கதியைப் பத்து முறை வாசித்துக் காட்டுவார், பதினோராவது முறை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள்தான் வாசிக்க வேண்டும். கோல்ட்ரேன் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தக் கூடத்தின் ஊதுவத்தி வாசனையே வந்தது.

கார்னகி டேப்பில் அந்தப் பாடத்தின் பலன் கேட்கிறது. அது ஹார்லெமில் ஒரு சமூக நல மையத்துக்காக நடந்த நன்கொடைக் கச்சேரி. பில்லி ஹாலிடே, டிஸ்ஸி கில்லெஸ்பி, ரே சார்ல்ஸ், சானி ராலின்ஸ் என்று ஒரே மேடையில் ஏகப்பட்ட பேர். ஒரே இரவில் இரண்டு காட்சி. மங்க் குழுவுக்குக் கிடைத்தது இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதலில் ‘மங்க்ஸ் மூட்’. கிளப்புகளின் தேய்ந்த பியானோவில் பழகிய கை, சுருதி சுத்தமான பெரிய கச்சேரி பியானோ கிடைத்ததும் ஆசையாக மேலும் கீழும் ஓடுகிறது. இவருக்கா வாசிக்கத் தெரியாது என்றார்கள்? கோல்ட்ரேன் உள்ளே வரும்போது எங்கே இடம் விட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று தெரிந்தே வருகிறார். டிரம்ஸில் ஷேடோ வில்சன். இரண்டு வருடத்துக்குள், நாற்பதை எட்டும் முன்பே செத்துப்போனவர். மேதைகள் இருவருக்கும் நடுவே பெயர் அமுங்கிப்போன அந்த மனிதர் எப்படிப்பட்ட வாத்தியக்காரர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டாம் காட்சியின் கடைசி மெட்டு ‘எபிஸ்ட்ரஃபி’ பாதியில் அறுந்துபோகிறது. 2005 செப்டம்பரில் ஆல்பம் வந்தபோது அதையும் அப்படியே விட்டார்கள். தயாரிப்பில் மங்க்கின் மகனும் இருந்தார்.

அந்த மகனுக்குச் சின்ன வயதில் செல்லப்பெயர் டூட். ‘லிட்டில் ரூட்டி டூட்டி’ என்ற மெட்டு அவன் பேரில்தான். 1952-இல் மூன்று பேரோடு பதிவு செய்தது. 1959 பிப்ரவரியில் டவுன் ஹாலில் பத்துப் பேர் கொண்ட குழுவோடு அதை வாசித்தார் மங்க். அவர் பியானோவில் மனோதர்மமாக வாசித்த பகுதியையே ஊது வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிரித்துக்கொடுக்க உதவியவர் ஹால் ஓவர்டன், இசைக் கல்லூரி ஆசிரியர். அவருடைய ஸ்டுடியோ ஆறாவது அவென்யூவில் 821-ஆம் எண், பூக்கடைகளுக்கு நடுவே ஒரு பாழடைந்த கட்டடம். பக்கத்து அறையில் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித். அந்த மனிதர் கட்டடம் முழுக்க மைக் வயரை ஓடவிட்டு, 1957 முதல் 1965 வரை கேட்டதையெல்லாம் டேப்பில் ஏற்றினார். 1,740 ரீல், ஏறக்குறைய 4,000 மணி நேரம். மழை, தெருச் சண்டை, வானொலி நாடகம், விடிய விடிய ஜாஸ். நடுவே மங்க்கும் ஓவர்டனும் இரண்டு பியானோவில் உட்கார்ந்து அந்தக் கச்சேரியைக் கட்டியெழுப்பும் இரவுகள். மரத் தரையில் மங்க்கின் காலடி கேட்கும். வாய் பேசாதவர் என்று பெயர் வாங்கிய அவர், எது வேண்டும் எது வேண்டாம் என்று தெளிவாகப் பேசுகிறார். ‘லைட் ப்ளூ’ ஒத்திகையில் கேட்கும் அதே மனிதர்.

இதற்கெல்லாம் முன்னால் 1941-இல் ஹார்லெமின் மிண்டன்ஸ் கிளப்பில் ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் தட்டில் ஒலியைக் கீறும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 23 வயது மங்க் நமக்குக் கேட்பது அவரால். மாணவன், புகைப்படக்காரன், அரசு வானொலியின் தொழில்நுட்ப ஊழியர்கள், மனைவி. கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவற்றை இவர்கள் வைத்திருந்தார்கள். கம்பெனிக் கிடங்கில் என்ன ஆகும் என்பதற்கு ஹாஸான் இபின் அலி சாட்சி. ஃபிலடெல்பியாவின் பியானோ கலைஞர்; கோல்ட்ரேனே அவரிடம் கற்றார் என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோது வந்தது ஒரே ஆல்பம். 1965-இல் அட்லாண்டிக் கம்பெனிக்கு எடுத்த அடுத்த ஆல்பத்தை, அவர் கைதானதும் ஓரமாக வைத்துவிட்டார்கள். 1978-இல் நியூஜெர்சி கிடங்கு எரிந்தபோது மூல டேப்பும் சாம்பல். 1980-இல் அவர் இறந்தார். ஒரு நகல் மட்டும் எப்படியோ தப்பி, 2017-இல் அகப்பட்டு, 2021-இல் வெளிவந்தது. தப்பாதவை எத்தனை என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

கலைஞன் வெளியிடாததை நாம் கேட்கலாமா என்று ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்வி. மங்க் கடைசி ஆறு வருடம் நியூஜெர்சியில், ஹட்சன் நதியைப் பார்த்த பன்னோனிகாவின் வீட்டில், அறையில் பியானோ இருந்தும் தொடாமல் கிடந்தார். 1982 பிப்ரவரி 17 அன்று ஒரு மருத்துவமனையில் இறந்தார். அப்படி வாயையும் கையையும் மூடிக்கொண்ட ஒருவருடைய ஒத்திகைப் பேச்சை ஊருக்குப் போட்டுக் காட்டுவது சரியா? சரிதான் என்பது என் எண்ணம். அந்தப் பேச்சில் அந்தரங்கம் எதுவும் இல்லை, தொழில்தான் இருக்கிறது. பள்ளிவிட்டு வந்த சிறுவன் சானி ராலின்ஸை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர், 1960-இல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேஸி நோட்டில் குறித்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னவர், ‘லைட் ப்ளூ’வுக்காக டெய்லரோடு மல்லுக்கு நின்றவர், இவர் ஒருபோதும் பாடத்தை ஒளித்து வைத்தவரல்ல.

அப்புறம், இப்படித் தப்பிய இன்னொரு டேப்பின் ஊர், பாலோ ஆல்டோ. 1968 அக்டோபர் 27, ஞாயிறு மதியம். கலிஃபோர்னியாவில் அந்த ஊர் அப்போது வெள்ளைக்காரர்களின் வசதியான ஊர். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கிழக்கு பாலோ ஆல்டோ, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஊர். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட வருடம் அது. இரண்டு ஊருக்கும் நடுவே பதற்றம். டேனி ஷெர் என்ற 16 வயதுப் பையன் மங்க்கைத் தன் பள்ளி அரங்குக்கு அழைத்துவிட்டான். டிக்கெட் 2 டாலர். விற்கவில்லை. கிழக்குப் பக்கமும் போய் போஸ்டர் ஒட்டினான். மங்க் இந்த ஊருக்கு வரப்போகிறாரா, பார்த்தால்தான் நம்புவோம் என்றார்கள் அங்கே. அன்று மதியம் அவர்கள் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் வந்து நின்றார்கள். ஷெரின் அண்ணன் ஓட்டிவந்த வேனிலிருந்து மங்க் இறங்கிய பிறகு டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு ஊரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது.

பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்த ஒருவர் முன்பே ஷெரிடம் ஒன்று கேட்டிருந்தார்: பியானோவுக்கு நான் சுருதி சேர்த்துத் தருகிறேன், கச்சேரியைப் பதிவு செய்ய விடுவாயா? அவர் கொடுத்த டேப் பல வருடம் ஷெர் வீட்டுப் பரணில் ஒரு பெட்டியில் கிடந்து, 2020-இல் ஆல்பமானது. 47 நிமிடம். மங்க் தனியாக வாசிக்கும் ‘டோன்ட் ப்ளேம் மீ’யில் அந்தச் சுருதி சுத்தம் ஒவ்வொரு கட்டையிலும் கேட்கிறது. மிக்சிங்கில் யாரும் பூசி மெழுகாத, அரங்கத்துக் காற்றோடு வந்த ஒலி. அந்தக் காலத்தில் கம்பெனி வெளியிட்ட அவருடைய ஸ்டுடியோ ஆல்பங்கள் எதையும்விட எனக்கு இது பிடிக்கும்.

ஸ்மித்தின் ரீல்கள் இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தின் புகைப்பட மையத்தில் இருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். மங்க்கும் ஓவர்டனும் வேலை செய்யும் அந்த இரவுகளைத் துண்டு துண்டாக அல்லாமல், நிறுத்தி ஆரம்பிக்கிற இடங்களோடு, காலடியோடு, பேச்சோடு முழுசாக வெளியிட வேண்டும். பியானோ கற்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர வேண்டும். மாமா இருந்திருந்தால், அதற்காகவே இன்னொரு தடவை மொட்டைமாடியில் கம்பி இழுத்திருப்பார்.